வெள்ளிக்கிழமையோடு முடியும் உத்தரவாதம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் நான் செய்த ஒரு புகார்.

ஹஜ்ஜுப் பெருநாளின் இரண்டாம் நாள், வியாழக்கிழமை, மாலை நாலரை மணிக்கு நகராட்சிக்குப் போன் போட்டு, எங்கள் தெருவில் ஆட்டுத்தோல்கள் நேற்றிலிருந்து கிடக்கின்றன, லாரி வரவில்லை, நாற்றம் தாங்கவில்லை என்றேன். போனை எடுத்தவர் என் பெயரை மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தப்பாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், "சரி விடுங்க. இந்தியாக்காரர், மீன் பேக்டரி. போதும்ல?" என்று பதிந்துகொண்டார். பதிவேட்டில் என் புகாருக்கு எண் நாற்பத்தொன்று.

நான் தூத்துக்குடிக்காரன். மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் உள்ள இந்தச் சின்ன ஊரில், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகத் தரம் பார்க்கிறேன். (ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. நகராட்சித் தலைவர் இன்னும் தலைவராகத்தான் இருக்கிறார்.) பத்தொன்பது வருடம் மத்தி வாடையில் குளித்தவன் நாற்றம் என்று புகார் செய்ததை இங்கே யாரும் மறக்கத் தயாராக இல்லை.

என் புகாரைப் பதிந்தவர் உடனே தன் மேலதிகாரிக்குப் போன் போட்டார். அந்த மேலதிகாரி தாமூ. நகராட்சி வெளியாட்களுக்கு ஒப்பந்தத்தில் விட்டிருக்கும் வேலைகளை, அதாவது குப்பை, தெருவிளக்கு, பேருந்து மூன்றையும் மேற்பார்வையிடும் பிரிவின் தலைவி. தாமூவின் வீடு என் வீட்டுக்கு நேர் மேலே. நான் போனை வைத்த அரை நிமிடத்தில் மேல்மாடியில் போன் அடித்தது எனக்கே கேட்டது.

"மாடிப்படி ஏறி வந்து சொல்லியிருக்கலாமே, இந்தியாக்காரரே. பதினாறு படிதான்" என்றார் நான்கு மாதம் கழித்து. அன்றுதான் எனக்கு முழு விஷயமும் தெரிந்தது. என்னுடைய நாற்பத்தொன்றும் சேர்ந்து ஒருவருடைய வீட்டை ஏறக்குறைய விழுங்கப் பார்த்திருக்கிறது.

2

இதுவரை நான் எழுதி அடித்த தொடக்கங்கள்:

"நகராட்சிச் சேவை ஒப்பந்தங்களில் பணிநிறைவு உத்தரவாதம் என்பது, ஒப்பந்ததாரர் தம் கடமையில் தவறும்பட்சத்தில்..."

அடித்தேன். இதைத் தாண்டி நீங்கள் வரமாட்டீர்கள். நானே வரமாட்டேன்.

"பெருநாள் காலை. வானம் நீலமாக இருந்தது. தெருமுனைகளில் பையன்கள் பழைய கட்டில் கம்பிச் சட்டத்தை அடுப்பாக்கி ஆட்டுத்தலைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். புகை..."

அழகாகத்தான் வந்தது. ஆனால் இதில் தாமூ எங்கே? தாமூ வர மூன்று பக்கம் ஆகும் போலிருந்தது.

"தாமூ அறிக்கை எழுதினான்..."

இது தட்டச்சுப் பிழை. ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. தாமூ என்று கேட்டதும் உங்களுக்கு ஒரு தாமோதரன்தான் நினைவுக்கு வருவார். இங்கே அது பெண்பெயர். வயது நாற்பத்தெட்டு, மூக்கின் நுனியில் கண்ணாடி, நடக்கும்போது சாவிக்கொத்து முன்னால் போகும், அவர் பின்னால் வருவார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.* நேரில் அவரை "லல்லா தாமூ" என்றுதான் கூப்பிடுவேன். இந்த ஊரில் பெண்ணை மரியாதையாக அழைப்பது அப்படித்தான்; ஆணென்றால் 'சி'. கதைக்குள் வந்ததும் "அவள்" ஆகிவிடுவாள். தமிழில் கதைக்குள் கால் வைத்தால் மரியாதை வாசலோடு நின்றுவிடுகிறது. இதை அவரிடம் விளக்கியபோது, "அப்போ தலைவரும் 'அவன்' ஆயிடுவாரா?" என்று கேட்டார். மாட்டார் என்றேன். "நெனச்சேன்" என்றார்.

* இது அடிக்குறிப்பாகப் போக வேண்டியது. அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால் மேலேயே வைத்துவிட்டேன்.

3

எப்படியும் அந்த உத்தரவாதத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒருவன் ஊர்க்குப்பையை ஏழு வருடம் அள்ளுகிறேன் என்று நகராட்சியோடு ஒப்பந்தம் போடுகிறான். நடுவில் கைவிட்டால்? குப்பை காத்திருக்காது. அதனால் அவன் சார்பில் வங்கி ஒரு தாள் எழுதித் தருகிறது. 'இவன் வேலையில் தவறிவிட்டான் என்று நகராட்சி எங்களுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். ஏன், எப்படி என்று கேட்காமல் இந்தத் தொகையைக் கொடுத்துவிடுவோம்.' அவ்வளவுதான். வங்கி சும்மா எழுதித் தராது. அவனுடைய வீட்டுப் பத்திரத்தை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும். அந்தத் தாளை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

எங்கள் ஊர்த் தாள் அந்த வருடம் பெருநாள் வாரத்து வெள்ளிக்கிழமையோடு முடிந்தது.

குப்பை அள்ளுகிறவன் பெயர் பூஷ்தா. முதல் வரைவில் அவனைக் கெட்டவனாக எழுதியிருந்தேன். ஒப்பந்ததாரன் என்றாலே நம் கை அப்படித்தான் போகிறது. கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஒரு தங்கப்பல்லும் வைத்திருந்தேன். அதைத் தாமூவிடம் வாசித்துக் காட்டினேன் (அரபியில் சொல்லிச் சொல்லித்தான்).

"தங்கப்பல்லா? அவருக்குப் பல்லே பாதிதான் இருக்கு."

"கதைக்கு வேணும் லல்லா தாமூ."

"அப்போ உங்க வாயில வெச்சு எழுதுங்க."

எடுத்துவிட்டேன். உள்ளபடி சொன்னால், பூஷ்தா இருபது வருடம் பிறர் லாரியை ஓட்டியவன். ஐம்பத்தாறு வயது. ஆறு லாரியும் அறுபத்திரண்டு ஆட்களும் வைத்திருந்தான். ஒவ்வொரு லாரியின் ஹாரனும் எது எது என்று அவனுக்குத் தெரியும். உத்தரவாதத்தைப் புதுப்பிக்கச் சொல்லி தாமூ ஒரு மாதம் முன்பே இரண்டு கடிதம் அனுப்பியிருந்தாள். லாரிகள் பழசாகிவிட்டன, வீட்டுப் பத்திரத்தோடு இன்னும் ஏதாவது வை என்று வங்கி கேட்டிருந்தது. "பெருநாளுக்குள்ள முடிச்சிருவேன்" என்று பூஷ்தா சொல்லிக்கொண்டே இருந்தான். பெருநாள் வந்துவிட்டது.

4

பெருநாளன்று ஊரில் எத்தனை வீடோ ஏறக்குறைய அத்தனை ஆடு. கூடவே அத்தனை தோல், அத்தனை குடல், அத்தனை மூட்டை வைக்கோல். ஜூலை மாத வெயில் வேறு. அதனால் ஒப்பந்தத்தில் தனியாக ஒரு விதி உண்டு. இரண்டாம் நாள் அஸர் பாங்குக்குள், அதாவது பிற்பகல் தொழுகைக்கான அழைப்புக்குள், எல்லாம் அள்ளி முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையென்றால் அது 'பெருந்தவறு'. பெருந்தவறு என்றால் வங்கிக்குக் கடிதம் கொடுக்கலாம்.

புதன்கிழமை மதியம் ஒரு லாரியில் குப்பையை அமுக்கும் கை பாதியில் நின்றுவிட்டது. வியாழன் காலை இன்னொன்றின் கிளட்ச் கருகியது. பண்டிகை நாளில் மெக்கானிக் கிடைப்பானா? மெக்கானிக்கும் வீட்டில் ஆடு அறுத்துக்கொண்டிருந்தான். மிச்சம் நான்கு லாரி மேட்டுத்தெருக்களை முடித்துக்கொண்டு வந்தன. துறைமுகத்துப் பக்கம் உள்ள எங்கள் மூன்று தெருக்கள் அப்படியே கிடந்தன.

தாமூவுக்கு என் புகார் வந்தபோது அவள் கணவர் மிலூத் ஈரல் துண்டுகளைக் கொழுப்புச் சவ்வில் சுற்றிக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். எதைச் செய்தாலும் எண்ணிச் செய்வார்.

"ஒன்பது கம்பி ஆச்சு. சாப்பிட்டுப் போ" என்றார்.

"வந்து சாப்பிடுறேன்."

"ஈரல் காத்திருக்காது தாமூ."

"தோலும் காத்திருக்காது."

அவள் செருப்பை மாட்டும்போதே தலைவரின் போன் வந்தது. ஹாஜி அல்லால், பெயின்ட் கடை வைத்திருப்பவர், இரண்டாவது முறையாகத் தலைவர்.

"எத்தனை புகார், லல்லா தாமூ?"

"நாற்பத்தொண்ணு, ஹாஜி."

"அஸருக்குள்ள முடிச்சிருவானா?"

"முடியாதுன்னுதான் தோணுது."

"அப்போ நேர்ல போய்ப் பார்த்து அறிக்கையை எழுதிரு. பேங்குக்கான கடிதத்துல நான் நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு. உன் அறிக்கை ஒண்ணுதான் பாக்கி. ரெண்டையும் சேர்த்து நாளைக்குக் காலையில குடுத்துரு."

"அவர் வீடு போயிரும் ஹாஜி."

"தெரியும். நான் ஒண்ணும் கல்லு இல்ல. ஆனா நாளையோட அந்தத் தாளு செத்துரும். சனிக்கிழமை அவன் லாரிய ஓரங்கட்டிட்டு ஊரை விட்டுப் போனா நம்ம கையில என்ன இருக்கு? மூணு மாசம் முனிசிபாலிட்டியே குப்பை அள்ளணும். எதை வெச்சு அள்ளும்? உன் சாவிக்கொத்தை வெச்சா?"

தாமூ போனை வைத்தாள். அவர் சொன்னதில் தவறில்லை என்பதுதான் அவளுக்குத் தொந்தரவாக இருந்தது.

(தலைவரையும் கெட்டவராக்கிப் பார்த்தேன். வேறொரு பெரிய கம்பெனி அவருக்குப் பணம் கொடுத்ததாக ஒரு பத்தி எழுதினேன். தாமூ கேட்டுவிட்டு, "அப்படி இருந்திருந்தா எனக்கு எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்" என்றார். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.)

5

அஸர் பாங்கு ஒலித்தபோது தாமூ எங்கள் தெருவில் நின்றிருந்தாள்.

அவளை அங்கே நடந்து வரச் செய்து, வழியில் கடலைப் பார்த்து யோசிக்க வைத்து அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவர் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க வீட்டு வாசலே அந்தத் தெருதான். எங்கே நடக்குறது? கடல் எங்கே தெரியுது அங்கிருந்து? ஐஸ் பேக்டரிச் சுவருதான் தெரியும்." ஆகவே அவள் வாசலில் இறங்கி நின்றாள். முன்னால் ஐஸ் பேக்டரிச் சுவர். சுவரோரம் முழுக்க நகராட்சி கொடுத்த கறுப்புப் பைகள், வெயிலில் உப்பிப்போய். பையில் போடாத தோல்களும் ரோமத்தோடு சுருண்டு கிடந்தன. பூனைகளுக்கு மட்டும்தான் பெருநாள் இன்னும் முடியவில்லை.

அவள் நோட்டை எடுத்து எழுதினாள்: 'ஐந்து மணி பதினான்கு நிமிடம். துறைமுகப் பகுதி, மூன்று தெருக்கள். கழிவு அகற்றப்படவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

போட்டு முடித்த நேரத்தில்தான் பின்னால் படபடவென்று சத்தம். மூன்று சக்கர மீன் வண்டிகள். ஒன்றல்ல, பதினோரு வண்டி வரிசையாக. படகுத்துறையில் மீன் ஏற்றுகிற ஆட்கள் ஓட்டி வந்தார்கள். முதல் வண்டியின் பின்பலகையில் பண்டிகைக்குப் போட்ட ஜிலாபா அங்கியை இடுப்புக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு பூஷ்தா.

வண்டியிலிருந்து இறங்கியவன் அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான்.

"எழுதிட்டீங்களா, லல்லா தாமூ?"

"எழுதிட்டேன், சி பூஷ்தா."

"எத்தனை மணின்னு?"

"அஞ்சு பதினாலு."

"சரிதான். பாங்கு சொல்லும்போது நான் ஐஸ் பேக்டரி வளைவுல இருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எழுதினது எழுதினதுதான். கொஞ்சம் நகர்ந்துக்கோங்க, வண்டி திரும்பணும்."

அந்தப் பதிலைத்தான் தாமூ இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்கிறார். "கெஞ்சுவார்னு நெனச்சேன். கெஞ்சினா என்ன சொல்லணும்னு தயார் பண்ணி வெச்சிருந்தேன். சட்டம், விதி எண், எல்லாம். நகர்ந்துக்கோன்னு சொல்லிட்டார். நானும் நகர்ந்துட்டேன்."

மீன் வண்டிக்காரர்களுக்கு நாற்றம் பழக்கம். ஆனால் ஆட்டுத்தோல் புதிது. ஒருவன் இரண்டு விரலால் ஒரு தோலைத் தூக்க, பூஷ்தா கத்தினான். "என்னடா மணப்பொண்ணு கைய பிடிக்கிற மாதிரி பிடிக்கிற! அள்ளுடா!" ஜன்னல்களில் எட்டிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்த பிறகு சும்மா நிற்க முடியுமா? கீழே இறங்கி வந்தார்கள். மிலூத் ஈரல் வாசனையோடு வந்து பைகளை எண்ணி ஏற்றினார். நானும் போனேன். (இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் கதையில் என்னைப் பற்றி நல்லதாக இருப்பது இந்த ஒரு வரிதான்.)

ஏழு மணிக்குத் தலைவரும் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தன் காரின் பின்கதவைத் திறந்து, பழைய பெயின்ட் துணியை விரித்து, "இதுல எட்டுப் பை போகும்" என்றார். எட்டு இல்லை, ஐந்துதான் போனது. வெள்ளை ஜிலாபா திரும்பும்போது வெள்ளையாக இல்லை.

எட்டு இருபதுக்குத் தெருவில் ஒன்றும் இல்லை. ஐஸ் பேக்டரிக்காரர்கள் குழாயைத் திறந்துவிட்டார்கள். ப்ளீச்சிங் தண்ணீர் தெரு முழுக்க ஓடியது. சூரியன் மறையும்போது சொல்லும் மக்ரிப் பாங்குக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. தாமூ நோட்டில் முதல் வரிக்குக் கீழே இரண்டாவது வரி எழுதினாள்: 'எட்டு மணி இருபது நிமிடம். முழுவதும் அகற்றப்பட்டு, தெரு கழுவப்பட்டது.' அதன் கீழும் கையெழுத்துப் போட்டாள்.

முதல் வரியை அடிக்கவில்லை. அடிக்கலாமே என்று நான் கேட்டேன். "நடந்ததுதானே அது?" என்றார்.

தலைவர் இரண்டு வரியையும் படித்தார். "ரெண்டாவது வரி மூணு மணி நேரம் லேட்டு" என்றார். "லேட்டுதான்" என்றாள். "நாளைக்குத் தாளு முடியுது. புதுத் தாளு இல்ல. நான் சொன்னதுல மாத்தம் இல்ல, தாயே. காலையில போ." அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

6

வெள்ளிக்கிழமை காலை எட்டேகால். வங்கிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மதியம் ஜும்ஆ தொழுகைக்கு மூடினால் திறப்பது இனித் திங்கள்தான். உள்ளே இரண்டு நாள் பண்டிகைக் கூட்டம் முழுவதும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது.

தாமூ டோக்கன் எடுத்தாள். எண் எட்டு. மடியில் கோப்பு. கோப்பில் தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் அவளுடைய இரண்டு வரி அறிக்கையும்.

பக்கத்து நாற்காலியில் பூஷ்தா உட்கார்ந்திருந்தான். கையில் எண் ஏழு.

(இங்கே மூன்று நாள் நின்றேன். இருவருக்கும் அடுத்தடுத்த எண் வந்ததை நீங்கள் நம்புவீர்களா? நான் கற்பனை செய்திருந்தால் பூஷ்தாவுக்கு மூன்றும் தாமூவுக்குப் பத்தொன்பதும் கொடுத்திருப்பேன். நடந்தது ஏழும் எட்டும். அப்படியே விடுகிறேன்.)

"காலை வணக்கம், லல்லா தாமூ. வீட்ல எல்லாரும் சுகமா?"

"சுகம். உங்க வீட்ல?"

"சுகம். ஆடு நல்ல ஆடு இந்த வருஷம்."

"எங்க ஆடும் நல்ல ஆடுதான்."

அவன் அவள் மடியிலிருந்த கோப்பைப் பார்த்தான். அவள் அவன் மடியிலிருந்த துணிமூட்டையைப் பார்த்தாள். அவன் இங்கே எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. வராமல் இருப்பதுதானே அவனுக்கு நல்லது? வீட்டிலேயே படுத்திருந்தால், மதியத்தோடு தாள் செத்து வீடு தப்பியிருக்கும். அவளும் கடிதத்தோடு வராமல் இருந்தால், அவ்வளவுதான். அவள் வருவாளா மாட்டாளா என்று அவனுக்குத் தெரியாது. தெரியாதென்றுதான் அவள் நினைத்தாள்.

ஏழு என்று விளக்கு எரிந்தது. பூஷ்தா போய் கவுன்டரில் மூட்டையைப் பிரித்தான். உள்ளே தங்கப் பட்டை. இந்த ஊர்க் கல்யாணத்தில் மணப்பெண் இடுப்பில் கட்டுகிற, உள்ளங்கை அகலமுள்ள தங்கப் பட்டை. வங்கிப் பெண் அதை எடை போட்டாள், மேலாளரைக் கூப்பிட்டாள், மேலாளர் கையெழுத்துப் போட்டார், ஒரு இயந்திரம் சத்தம் போட்டது. இடையில் தாமூவின் எட்டாம் எண் எரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பின்னால் ஒரு பெரியவர், "எட்டு யாரு? எட்டு தூங்குதா?" என்று கத்தினார். "எட்டு காத்திருக்கு" என்றாள். ஒன்பதாம் எண்ணுக்காரர் முன்னால் போனார்.

பூஷ்தா திரும்பி வந்து ஒரு தாளை அவள் முன் நீட்டினான். புதுப்பிக்கப்பட்ட உத்தரவாதம். அடுத்த வருடம் ஜூலை வரைக்கும். மை இன்னும் சூடாக இருந்தது.

"ஆபீஸ்ல குடுக்க வேண்டியது. நீங்களே இங்க இருக்கீங்க. வாங்கிக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க."

"சி பூஷ்தா, இந்தக் கோப்புல என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்னு சொன்னா சங்கடம். தெரியாதுன்னு சொன்னா பொய். கையெழுத்துப் போடுங்க."

"இதை நீங்க புதுப்பிக்காம இருந்திருந்தா..."

"தாளு செத்திருக்கும். அப்புறம் ஊருக்கு என்னைப் பிடிச்சுக்க என்ன இருக்கு?" என்றான். "இப்போ ஒரு வருஷம் டைம் இருக்கு. அவசரமில்லாம கழுத்தைப் பிடிக்கலாம்."

அவள் சிரித்துவிட்டாள். வங்கியில் அழுதாள் என்று எழுத ஆசையாக இருந்தது. ஆனால் கதையை எழுத அனுமதி கேட்ட அன்றே, "எழுதுங்க, ஆனா என்னை எங்கேயும் அழ வைக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். உண்மையிலும் சிரிக்கத்தான் செய்தாள். வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

7

முடிவு. அல்லது முடிவுகள்.

அ) தாமூ எட்டாம் எண்ணைக் கையில் பிடித்தபடி கவுன்டருக்குப் போகிறாள். சட்டம் சட்டம்தான். கடிதத்தைக் கொடுக்கிறாள். பூஷ்தா வாசலில் நின்று பார்க்கிறான்...

எழுதி முடிக்கவில்லை. கை வரவில்லை.

ஆ) தாமூ கடிதத்தை நான்காகக் கிழித்து வங்கிக் குப்பைக்கூடையில் போடுகிறாள்.

இதை வாசித்தபோது அவர் எழுந்தே நின்றுவிட்டார். "கிழிக்கிறதா? பதிவு எண் போட்ட அரசாங்கக் கடிதத்தையா? என்ன மனுஷர் நீங்க!"

இ) நடந்தது இது. அவள் டோக்கனை மேசையில் வைத்துவிட்டு நகராட்சிக்குப் போனாள். பண்டிகை விடுமுறையிலும் தலைவர் வந்து உட்கார்ந்திருந்தார். புதிய தாளை அவர் முன் வைத்தாள். அவர் தேதியைப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"வந்து புதுப்பிச்சானா? தானாவா?"

"தானாத்தான்."

"அப்போ கடிதம்?"

"நாம பயந்தது தாளு செத்துரும்னுதானே ஹாஜி? சாகல. தவறுக்கு ஒப்பந்தத்துல அபராதம் இருக்கு. மூணு மணி நேரத்துக்கு எவ்வளவோ அதைப் போடுவோம். வீட்டை எடுக்க வேண்டாம்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "நல்ல விளையாட்டு விளையாடிட்டான் உன்கிட்ட. புதுப்பிக்காம விட்டிருந்தா ஒப்பந்தத்தையே ரத்து பண்ண எனக்கு வழி இருந்துச்சு. இப்போ அதுவும் போச்சு. நேத்து நீ எழுதினதைப் பார்த்துட்டு ராவோட ராவா கணக்குப் போட்டிருக்கான்."

"இருக்கலாம்" என்றாள் தாமூ.

"இருக்கலாம்னா?"

"இருக்கலாம்னா இருக்கலாம் ஹாஜி. அபராதக் கடிதத்துல கையெழுத்துப் போடுங்க. வீட்ல கூஸ்கூஸ் ஆறிக்கிட்டிருக்கு."

போட்டார். பழைய கடிதத்தின் மேல் 'பயன்படுத்தப்படவில்லை' என்று எழுதித் தேதி போட்டுக் கோப்பில் வைத்தாள். பூஷ்தா அபராதத்தைக் கட்டினான். லாரியின் அமுக்கும் கையையும் கிளட்சையும் சரி செய்தான். அன்று மதியம் தாமூ வீட்டு கூஸ்கூஸில், ஆவியில் வேகவைத்த கோதுமை ரவையில், கால் பங்கு எங்கள் வீட்டுக்கும் வந்தது. மேலே ஏழு காய், நடுவில் நெஞ்செலும்பு இறைச்சி, மோர் தனியாக. மிலூத் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நாற்பத்தொண்ணாம் நம்பருக்கு" என்றார். வயிறு நிறையச் சாப்பிட்டேன். அன்று மேல்மாடியில் ரொம்ப நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

8

இதோடு முடித்திருக்கலாம். எல்லாரும் சௌக்கியம்.

ஆனால் தலைவர் சொன்னது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. பூஷ்தா நல்ல மனதோடு வங்கிக்குப் போனானா, கணக்குப் போட்டுப் போனானா? ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி இதுகூடத் தெரியாமல் என்ன கதை?

துறைமுக டீக்கடையில் அவனையே பிடித்துக் கேட்டேன்.

"சி பூஷ்தா, வெள்ளிக்கிழமை காலையிலேயே ஏன் பேங்குக்குப் போனீங்க?"

"பத்து மணிக்கு மேல கூட்டம் ஜாஸ்தி."

"அதைக் கேக்கல."

"எதைக் கேக்குறீங்கன்னு தெரியும்" என்றான். தேநீரில் இன்னொரு கட்டி சர்க்கரை போட்டான். "அதையெல்லாம் நீங்களே எழுதிக்கோங்க. எழுதுறவர் நீங்கதானே."

தாமூவிடம் சொன்னேன். அவர் ஒரு விஷயம் சொன்னார். பெருநாளுக்கு அடுத்த வாரம் பொதுக் குளியலறையில் பூஷ்தாவின் மனைவியைப் பார்த்திருக்கிறார். ஆவியில் முகம் தெரியாமல் இருவரும் முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் சொன்னாளாம்: "பெருநாளும் அதுவுமா வந்து, பட்டையைக் குடுன்னு கேட்டார். ஏன் எதுக்குன்னு நானும் கேக்கல. கழட்டிக் குடுத்துட்டேன்."

"பெருநாள்னா? புதனா, வியாழனா?" என்று நான் கேட்டேன்.

இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். புதன் காலை என்றால், எந்த லாரியும் கெடுவதற்கு முன், எந்தப் புகாரும் வருவதற்கு முன், அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற அதைக் கேட்டிருக்கிறான். வியாழன் ராத்திரி என்றால், தாமூவின் நோட்டில் ஐந்து பதினான்கைப் பார்த்த பிறகு கேட்டிருக்கிறான். அப்படிக் கேட்டதிலும் இரண்டு வகை இருக்கலாம்: மனம் வந்து கேட்டது, கணக்குப் போட்டுக் கேட்டது.

"நான் கேக்கல" என்றார் தாமூ. "கேட்டிருந்தா அந்தம்மா சொல்லியிருப்பா. அப்புறம் ஒவ்வொரு மாசமும் அவர் பில்லைக் கையெழுத்துப் போடும்போது எனக்கு அது ஞாபகம் வரும். எனக்கு வேண்டாம். நல்லா அள்ளுறார். போதும்."

நான் போய்க் கேட்கலாம். அந்த அம்மாள் மார்க்கெட்டில் எனக்கு மத்தி விலை குறைத்துத் தரச் சொல்லி மீன்காரனோடு சண்டை போடுகிறவள். கேட்டால் சொல்வாள். பத்து தடவை கேட்கப் போய் பத்து தடவையும் வெறும் மத்தியோடு திரும்பி வந்திருக்கிறேன்.

ஆகவே இந்தக் கதையின் கடைசி வாக்கியத்தில் ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன். எனக்கு எது வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன். பேனாவை எடுத்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பெருநாள் வாரத்து ............கிழமை, பூஷ்தா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, மனைவியிடம் அந்தத் தங்கப் பட்டையைக் கேட்டான்.